வெற்றுத் தகடு

நவம்பர் கடைசியில் போன சூரியன்
ஜனவரி பாதிவரை த்ரொம்சோ பக்கம் எட்டிப் பார்ப்பதில்லை.
நடுப்பகல் பன்னிரண்டுக்கு
மலைமுதுகில் நீலமாக ஏதோ கசியும்.
அதையும் பகல் என்று கணக்கில் வைத்துக்கொள்கிறோம்.

சுன்னிவாவுக்கு இந்த இருட்டு போதவில்லை.
அடித்தள அறையின் கதவிடுக்கில்
கறுப்பு நாடா ஒட்டினாள்.
கணினியில் அணைக்கவே முடியாத
பச்சைப் பொட்டு ஒன்று உண்டு,
அதன்மேலும் ஒரு துண்டு.

எலியின் ஈரல்.
ஈரலுக்குள் ரத்தம் ஊரும் நுண்குழல்.
குழலின் சுவரில் சல்லடையாய்க் கண்கள்.
ஒளியலையின் நீளத்தைவிடச் சின்னவை,
அதனால் எந்த வில்லைக்கும் பிடிபடாதவை.
நேராகப் பார்த்தால் ஈரத்துணி போல ஒரு மங்கல்,
அவ்வளவுதான்.

ஆகவே சுற்றுவழி:
ஒளியைக் கோடுகளாக்கிப் பாய்ச்சு.
நகர்த்து. கோணம் மாற்று. மறுபடி நகர்த்து.
ஒரு அடுக்குக்குப் பதினைந்து படங்கள்.
இரண்டு கொசுவலைகளை
ஒன்றன்மேல் ஒன்று பிடித்து அசைத்திருக்கிறீர்களா?
எந்த வலையிலும் இல்லாத பெரிய அலைகள் எழுமே,
அந்த அலையிலிருந்து பின்னோக்கிக் கணக்கிட்டு
கண்ணுக்கு எட்டாத நூலைக் கண்டுபிடிப்பது.

அவள் எழுதிய நிரல் ஓட்டைகளை எண்ணியது.
மூன்று மாதம் எண்ணியது.
மருந்து கொடுத்த கிழட்டு எலிகளில்
ஓட்டைகள் இருபத்திரண்டு சதவீதம் கூடுதல்.
பேராசிரியர் தூர்பியோர்ன் படத்தைப் பார்த்து
"ம், நல்லது" என்றார்.
வடக்கத்திக்காரர் வாயில் அது கல்யாண விருந்து.
பேர்கனில் நடக்கும் கூட்டத்துக்குச்
சுவரொட்டியும் அச்சாகிவிட்டது.

நான் கேட்டது விளையாட்டுக்குத்தான்.
சைக்கிள் சாவியைத் தேடிக்கொண்டு
வாசலில் நின்றவன்,
"ஒன்றுமில்லாத தகட்டை எண்ணிப் பார்த்தாயா?" என்றேன்.
சாவி சட்டைப்பையிலேயே இருந்தது.
வீட்டுக்குப் போய்விட்டேன்.

அன்றிரவு அவள்
செல் இல்லாத கண்ணாடியில்
சாயத்தை மட்டும் ஒரு சொட்டு விட்டாள்.
அதே கோடுகள், அதே பதினைந்து படங்கள்.
நிரல் சலிக்காமல் எண்ணிச் சொன்னது:
முந்நூற்றுப் பதினெட்டு.

ஒன்றுமில்லாத இடத்தில்
ஒழுங்கான, அழகான தேனடை.

பிறகு குறிப்பேட்டைப் புரட்டினாள்.
மருந்துத் தகடுகளை எல்லா நாளும்
சாப்பாட்டுக்குப் பிறகே பார்த்திருக்கிறாள்.
அதற்குள் சாயம் வெளிறியிருக்கும்.
வெளிச்சம் குறையக் குறைய
இரைச்சலைப் பிசைந்து
இயந்திரம் தானே ஓட்டை செய்துகொடுத்திருக்கிறது.
பொய் சொல்லும் எண்ணமெல்லாம் அதற்கு இல்லை.
கேட்டதைக் கொடுத்தது.

காலையில் வந்தபோது
சுவரொட்டியைத் திருப்பிப்போட்டு
அதன் வெள்ளை முதுகில்
வரிசை எழுதிக்கொண்டிருந்தாள்:
எந்தத் தகடு எத்தனை மணிக்கு,
முதலில் எப்போதும் வெற்றுத் தகடு.
எலிகளின் பெயர்களை என்னைக் குலுக்கிப்போடச் சொன்னாள்,
எது மருந்து தின்றது என்று அவளுக்கே தெரியாதபடி.
கண்கள் சிவந்திருந்தன.
நான் எதுவும் கேட்கவில்லை,
ஏற்கெனவே கேட்டது போதும் என்று.

எட்டு வாரத்துக்குப் பிறகு: ஐந்து சதவீதம்.
பிழைக்கோட்டின் கீழ்நுனி
பூஜ்யத்துக்குள் கால் நனைத்துக்கொண்டு.
தூர்பியோர்ன் வெகுநேரம் பார்த்தார்.
இந்தத் தடவை "நல்லது" வரவில்லை.
தன் காப்பியை அவள் பக்கம் நகர்த்திவைத்தார்.

இதற்கு நடுவில் ஒரு நாள்
சூரியன் திரும்பிவிட்டதென்று
ஊரே ஜாம் வைத்த உருண்டை ரொட்டி தின்றது.
வானம் முழுக்க மேகம்.
பாலத்தருகே பள்ளிப் பிள்ளைகள்
"அதோ! அதோ!" என்று கத்தினார்கள்.
எனக்கும் தெரிந்தாற்போல்தான் இருந்தது.

சுன்னிவா வாயெல்லாம் சர்க்கரையோடு
அந்தத் திசையையே பார்த்தாள்.
எதிர்த்திசையையும்
அதே அளவு நேரம் பார்த்தாள்.